கிராக் போடாமல், கையைக் கடிக்காமல்: கல்லூரி வேலைக்கு மென்பொருள் பெறும் வழிகள்

கல்லூரி திறந்து பத்து நாள் ஆகியிருக்கும். முதல் அசைன்மெண்ட் கொடுத்திருப்பார்கள். "டைப் பண்ணி, பி.டி.எஃப். ஆக்கி, வெள்ளிக்கிழமைக்குள்ள அனுப்புங்க" என்று பேராசிரியர் சொல்லியிருப்பார். அன்று சாயங்காலமே உங்கள் பிள்ளை லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு கம்ப்யூட்டர் கடைக்குக் கிளம்பும். கடைக்காரர் கேட்காமலே சொல்வார்: "ஐநூறு குடுப்பா, வேர்டு, எக்செல், போட்டோஷாப், கேட், எல்லாம் போட்டுத் தர்றேன்." அரை மணி நேரத்தில் வேலை முடிந்துவிடும். எல்லாம் திறக்கும், எல்லாம் ஓடும். அப்புறம் என்னங்க பிரச்சினை என்று கேட்பீர்கள்.

எங்கள் தெருவில் ஒரு மாணவி. முதுகலை சமூகப்பணி, கடைசி வருஷம். ஆய்வுக்காக 120 வீடுகளுக்கு நடந்து நடந்து கேள்வித்தாள் நிரப்பி வாங்கியிருந்தார். புள்ளிவிவரக் கணக்குக்காகத் தோழியின் பென்டிரைவிலிருந்து ஒரு மென்பொருளை கிராக்கோடு ஏற்றிக்கொண்டார். வைவாவுக்குப் பத்து நாள் இருக்கும்போது ஒரு காலையில் லேப்டாப்பைத் திறந்தால், எந்தக் கோப்பும் திறக்கவில்லை. ஒவ்வொரு கோப்பின் பெயருக்குப் பின்னாலும் அர்த்தமில்லாத நான்கு எழுத்து. ஒவ்வொரு ஃபோல்டரிலும் ஒரு சீட்டு: டாலரில் பணம் அனுப்பினால் திறந்து தருகிறோம் என்று. இதற்கு ரான்சம்வேர் என்று பெயர். 'ஸ்டாப்' என்று அழைக்கப்படும் ஒரு வகை, உலகம் முழுக்கப் பெரும்பாலும் இந்த மாதிரி கிராக்குகள், கீஜென்கள் வழியாகத்தான் பரவியது.

நல்லவேளை, நிரப்பிய கேள்வித்தாள்கள் ஒரு கட்டைப்பையில் பரண் மேல் இருந்தன. அம்மா ஒவ்வொரு தாளாக வாசிக்க, மகள் தட்டச்சு செய்ய, நான்கு ராத்திரி. இந்த முறை அவர் பயன்படுத்தியது இலவசமாகக் கிடைக்கும் ஒரு மென்பொருள். அதே கணக்கு, அதே அட்டவணை வந்தது. "இது இருக்குன்னு முன்னாடியே யாராவது சொல்லியிருக்கலாம்ல" என்றார். இந்தக் கட்டுரை அதற்காகத்தான்.

சட்டத்தையும் ஒரு வரி சொல்லிவிடலாம். 1957-ம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம், பிரிவு 63-பி, திருட்டு நகல் என்று தெரிந்தே ஒரு கணினி மென்பொருளைப் பயன்படுத்துவதைக் குற்றம் என்கிறது. ஏழு நாள் முதல் மூன்று ஆண்டு வரை சிறை, 50,000 ரூபாய் முதல் 2 லட்சம் வரை அபராதம். வியாபார லாபத்துக்காகப் பயன்படுத்தவில்லை என்றால் நீதிமன்றம் சிறைத்தண்டனையை விட்டுவிட்டு, 50,000 ரூபாய் வரை அபராதம் மட்டும் விதிக்கலாம். மாணவர்களைப் பயமுறுத்த இதைச் சொல்லவில்லை. "படிக்கிறதுக்குத்தானே, தப்பில்ல" என்று பலரும் நம்புகிறார்கள். சட்டம் அப்படிச் சொல்லவில்லை என்பது தெரிந்திருக்கட்டும்.

முதலில், உங்களிடம் ஏற்கெனவே என்ன இருக்கிறது?

புதிதாக லேப்டாப் வாங்கியிருக்கிறீர்களா? பெட்டியை, பில்லை எடுத்துப் பாருங்க. இப்போது விற்கும் பல மாடல்களில் ஆபீஸ் தொகுப்பின் மாணவர் பதிப்பு சேர்ந்தே வருகிறது. அதற்கான விலையை நீங்கள் கொடுத்தாகிவிட்டது. ஆனால் அதைக் குறிப்பிட்ட காலத்துக்குள், ஒரு மைக்ரோசாஃப்ட் கணக்கோடு இணைத்துச் செயல்படுத்த வேண்டும். இங்கேதான் இரண்டு தவறு நடக்கிறது. ஒன்று, இணைக்காமலே விட்டு, "ட்ரையல் முடிஞ்சிருச்சு" என்று நினைத்துக் கடைக்குக் கொண்டுபோவது. இரண்டு, கடைக்காரரே தன் மின்னஞ்சலைப் போட்டுச் செயல்படுத்திக் கொடுப்பது. அப்படிச் செய்தால் உரிமம் அவர் கணக்கில் போய் உட்கார்ந்துகொள்ளும். ஆறு மாதம் கழித்து விண்டோஸை மறுபடி ஏற்ற நேர்ந்தால், உங்களால் அதைத் திரும்ப எடுக்க முடியாது. ஆகவே மாணவரின் சொந்த மின்னஞ்சல், சொந்த கைபேசி எண். கடவுச்சொல்லை ஒரு நோட்டில் எழுதி வையுங்க.

அரசு கொடுத்த மடிக்கணினியா? 2011-ல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் வந்த இயந்திரங்களில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் இருந்தது. அது சி-டாக் நிறுவனத்தின் சென்னை மையம் உருவாக்கிய இந்திய இயங்குதளம். நம்மில் பலர் வாங்கிய முதல் வாரமே அதை அழித்துவிட்டு அந்த இடத்தில் படம் ஏற்றிக்கொண்டோம் என்பது வேறு கதை. 2025-26 நிதிநிலை அறிக்கையில் 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்கு இரண்டு ஆண்டுகளில் கைக்கணினி அல்லது மடிக்கணினி என்று அறிவிக்கப்பட்டது. அந்த வகையில் உங்களுக்கு வந்திருந்தால், எந்தக் கடைக்கும் போகும் முன் உள்ளே என்னென்ன மென்பொருள் இருக்கிறது என்று பொறுமையாகப் பாருங்கள். கடையில் 'ஃபார்மட்' போட்டால் உரிமத்தோடு வந்த மென்பொருளும் சேர்ந்தே போய்விடலாம்.

அடுத்து, உங்கள் கல்லூரி. இதைப் பெரும்பாலும் யாரும் கேட்பதே இல்லை. பல கல்லூரிகள் மாணவர்களுக்கும் சேர்த்தே உரிமம் வாங்கி வைத்திருக்கும்; ஆனால் அந்தச் செய்தி ஆய்வகக் கதவோடு நின்றுவிடும். துறையின் லேப் பொறுப்பாளரிடமோ, கணினி மைய அலுவலகத்திலோ இரண்டு கேள்வி கேளுங்க. "நம்ம காலேஜுக்கு எந்த சாஃப்ட்வேருக்கு கேம்பஸ் லைசென்ஸ் இருக்கு, வீட்ல பயன்படுத்தலாமா?" இது ஒன்று. "எனக்குக் கல்லூரி மின்னஞ்சல் முகவரி கிடைக்குமா?" இது இரண்டாவது. இரண்டாவது கேள்விதான் பெரிய சாவி. தகுதியுள்ள கல்வி நிறுவனங்களுக்கு மைக்ரோசாஃப்ட்டும் கூகுளும் அடிப்படைத் தொகுப்பை இலவசமாகவே தருகின்றன. கல்லூரி பதிவு செய்து, மாணவருக்கு முகவரி கொடுத்துவிட்டால், வேர்டு, எக்செல், பவர்பாயிண்ட் மூன்றும் பிரவுசரிலேயே காசில்லாமல் திறக்கும். கல்லூரி இன்னும் பதிவு செய்யவில்லை என்றால், மாணவர் மன்றம் வழியாக முதல்வருக்கு ஒரு மனு எழுதலாம். கல்லூரிக்குச் செலவில்லாத காரியம் என்பதால் பெரிதாக மறுக்கக் காரணம் இருக்காது.

அசைன்மெண்டுக்கு வேர்டுதான் வேண்டுமா?

"வேர்டில் கொண்டுவா" என்று ஆசிரியர் சொன்னால், அவருக்கு வேண்டியது பெரும்பாலும் ஒழுங்காகத் தட்டச்சு செய்த ஒரு கோப்பு. அதை எதில் செய்தீர்கள் என்று யாரும் பார்ப்பதில்லை.

லிப்ரே ஆபீஸ் என்ற தொகுப்பு முழுக்க முழுக்க இலவசம். ட்ரையல் கிடையாது, விளம்பரம் கிடையாது, கீ கேட்காது. 2010-ல் ஓப்பன் ஆபீஸிலிருந்து பிரிந்து வளர்ந்த திட்டம் இது. ஒரு அறக்கட்டளை நடத்துகிறது. ரைட்டர், கால்க், இம்ப்ரெஸ் என்று மூன்றும் வேர்டு, எக்செல், பவர்பாயிண்ட் வேலையைச் செய்யும். மெனுவையே தமிழில் மாற்றிக்கொள்ளலாம். வேர்டு கோப்பைத் திறக்கும், வேர்டு கோப்பாகவே சேமிக்கும், ஒரு பொத்தானில் பி.டி.எஃப். ஆக்கும்.

குறை இல்லையா? இருக்கிறது. இதில் செய்த கோப்பை வேறு இடத்தில் வேர்டில் திறந்தால் சில சமயம் பக்கம் கலைந்துவிடும். 40-ம் பக்கத்தில் இருந்த படம் 41-க்குப் போய்விடும். இதற்குக் காரணம் பெரும்பாலும் எழுத்துருதான். லிப்ரே ஆபீஸோடு லிபரேஷன் செரிஃப், கார்லிட்டோ, கலாடியா என்ற எழுத்துருக்கள் சேர்ந்து வருகின்றன. முதலாவது டைம்ஸ் நியூ ரோமனுக்கும், இரண்டாவது கலிப்ரிக்கும், மூன்றாவது கேம்ப்ரியாவுக்கும் அகலத்தில் அப்படியே பொருந்தும்படி வடிவமைக்கப்பட்டவை. இவற்றைப் பயன்படுத்தினால் வரி உடைவது வெகுவாகக் குறையும். கடைசியாகச் சமர்ப்பிக்கும்போது பி.டி.எஃப். அனுப்புங்கள், கலையவே கலையாது. ஆசிரியர் திருத்திக் கொடுக்க வேர்டு கோப்புதான் வேண்டும் என்றால், இரண்டையும் சேர்த்து அனுப்பிவிடுங்கள்.

தமிழில் அசைன்மெண்ட் எழுதுபவர்களுக்கு இன்னொரு செய்தி. பிரவுசிங் சென்டரில் பாமினி போன்ற பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்துகொண்டு வந்தால், வீட்டுக் கணினியில் அது ஆங்கில எழுத்தும் குறியீடுமாகத் தெரியும். கோப்பு கெட்டுப்போகவில்லை, அந்த எழுத்துரு இங்கே இல்லை, அவ்வளவுதான். ஒருங்குறி எனப்படும் யூனிகோடில் தட்டச்சு செய்தால் இந்தத் தொல்லையே கிடையாது. தமிழ்நாடு அரசு 2010-லேயே ஒருங்குறியை ஏற்றுக்கொண்டது. விண்டோஸ் 10, 11 இரண்டிலும் தமிழ்99 விசைப்பலகை உள்ளேயே இருக்கிறது. மொழி அமைப்பில் போய்ச் சேர்த்தால் போதும். தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் இணையதளத்திலும் தமிழ் எழுத்துருக்கள், விசைப்பலகை மென்பொருள் இலவசமாகக் கிடைக்கின்றன. தட்டச்சு செய்துகொடுக்கப் பக்கத்துக்கு இவ்வளவு என்று கடையில் காசு கொடுக்கிறோமே, ஒரு வாரம் தமிழ்99 பழகினால் அந்தச் செலவு மொத்தமாகப் போய்விடும்.

உங்கள் பாடத்துக்கு எது?

பி.காம். மாணவர்கள் முதலில். டேலி கற்றுக்கொள்ள உரிமம் வாங்க வேண்டிய அவசியமே இல்லை. அந்த நிறுவனத்தின் தளத்திலிருந்தே இறக்கி நிறுவுங்கள். தொடக்கத்தில் 'எஜுகேஷனல் மோட்' என்று ஒரு தேர்வு வரும். அதில் நுழைந்தால் ஏறக்குறைய எல்லாமே வேலை செய்யும். முக்கியக் கட்டுப்பாடு தேதி: மாதத்தின் முதல் இரண்டு நாள் போன்ற குறிப்பிட்ட சில தேதிகளில் மட்டுமே பதிவு போட ஏற்றுக்கொள்ளும். "15-ம் தேதி என்ட்ரி ஏறவே மாட்டேங்குது, சாஃப்ட்வேர் கெட்டுப்போச்சு" என்று கிராக் தேடிப் போகிறவர்கள் உண்டு. கெட்டுப்போகவில்லை, அது கற்பதற்கான பதிப்பு. பயிற்சிக் கணக்குகளை 1-ம் தேதி, 2-ம் தேதி என்று மாற்றிப் போட்டுப் பழகுங்கள். முறை ஒன்றுதான். ஜி.எஸ்.டி. பதிவு வரை பழகிக்கொள்ளலாம்.

பொறியியல், பாலிடெக்னிக் மாணவர்களுக்கு ஆட்டோகேட் பெயரைக் கேட்டாலே வயிற்றைக் கலக்கும். அதன் வணிக உரிமத்தின் விலை அப்படி. ஆனால் மாணவர் என்று நிரூபித்தால் ஆட்டோடெஸ்க் நிறுவனம் ஓராண்டுக்கு இலவசமாகவே தருகிறது. படிக்கும் காலம் வரை ஆண்டுதோறும் புதுப்பிக்கலாம். ஒரே நிபந்தனை, அதில் காசுக்கு வேலை செய்துகொடுக்கக் கூடாது. பக்கத்து வீட்டு மனைப்பிரிவுக்கு வரைபடம் போட்டுச் சம்பாதிக்க அந்த உரிமம் செல்லாது. மாட்லேப் வேண்டுமா? கல்லூரி உரிமம் இல்லாவிட்டாலும், கணக்குத் தொடங்கினால் மாதம் 20 மணி நேரம் பிரவுசரில் இலவசமாகப் பயன்படுத்தும் வசதி இருக்கிறது. அது போதாது என்றால் ஆக்டேவ் என்ற இலவச மென்பொருள் இருக்கிறது. மாட்லேபில் எழுதிய நிரல்களில் பெரும்பாலானவை அதில் அப்படியே ஓடும். சிமுலிங்க் மாதிரி பெட்டி பெட்டியாக இணைத்துச் செய்யும் வேலைக்கு ஆக்டேவ் உதவாது. அதற்கு சைலேப் மென்பொருளில் எக்ஸ்காஸ் என்ற பகுதி இருக்கிறது.

சொல்லப்போனால், பொறியியல் மாணவர்களுக்காக நம் நாட்டிலேயே ஒரு பெரிய வேலை நடந்திருக்கிறது. நம் ஊரில் அது போதிய அளவு தெரியவில்லை என்பது என் ஆதங்கம். ஐ.ஐ.டி. பாம்பேயில் 'ஃபாஸி' என்று ஒரு திட்டம், மத்திய கல்வி அமைச்சகத்தின் நிதியில் நடக்கிறது. விலை உயர்ந்த மென்பொருள்களுக்கு மாற்றாகக் கட்டற்ற மென்பொருள்களை வளர்ப்பதே அதன் வேலை. மின்சுற்று வடிவமைக்க இ-சிம், இந்தியத் தரநிலை ஐ.எஸ். 800-ன்படி எஃகுக் கட்டுமானம் கணக்கிட ஆஸ்டாக் ஆகியவை அங்கேயே உருவானவை. வேதிப்பொறியியலுக்கு டி.டபிள்யூ.சிம் என்ற மென்பொருளையும் அவர்கள் பரப்புகிறார்கள். நம் பாடநூல்களில் உள்ள கணக்குகளைச் சைலேபில் தீர்த்து, அந்த நிரல்களையும் தளத்தில் போட்டு வைத்திருக்கிறார்கள்.

அதே ஐ.ஐ.டி.யில் பேராசிரியர் கண்ணன் மௌத்கல்யா தொடங்கிய இன்னொரு திட்டம் ஸ்போக்கன் டுட்டோரியல். ஒவ்வொன்றும் பத்து நிமிட அளவில் காணொளிப் பாடங்கள். லிப்ரே ஆபீஸ், பைத்தான், சி, சைலேப், லினக்ஸ் என்று நிறைய. தமிழிலும் இருக்கின்றன. திரையில் ஆங்கில மெனுவும், காதில் தமிழ் விளக்கமும். கேட்டுக்கொண்டே, நிறுத்தி நிறுத்தி, கூடவே செய்து பார்க்கும்படிதான் அமைத்திருக்கிறார்கள். தமிழ் வழியில் பன்னிரண்டாம் வகுப்பு முடித்து, கல்லூரி லேபில் ஆங்கில விளக்கம் புரியாமல் உட்கார்ந்திருக்கும் மாணவருக்கு இதைவிடப் பெரிய உதவி இருக்காது. வகுப்பில் கை தூக்கிக் கேட்கக் கூச்சப்படுகிற பிள்ளைகளுக்கு இதை அவசியம் சொல்லுங்க.

புள்ளிவிவரம் பக்கம் வருவோம். சமூகவியல், மேலாண்மை, உளவியல், செவிலியர் படிப்பு என்று ஆய்வுக் கேள்வித்தாள் எங்கெல்லாம் உண்டோ, அங்கெல்லாம் எஸ்.பி.எஸ்.எஸ். என்ற பெயர் ஒலிக்கும். அதற்கு மாற்றாக பி.எஸ்.பி.பி., ஜமோவி, ஜாஸ்ப் மூன்றும் இலவசம். மூன்றுமே எஸ்.பி.எஸ்.எஸ். கோப்பைத் திறக்கும். தோற்றத்தில் பி.எஸ்.பி.பி. மிக நெருக்கம், கற்றுக்கொள்ள ஜமோவி எளிது. கை-ஸ்கொயர், டி-டெஸ்ட், கோரிலேஷன், ரிக்ரஷன் என்று இளங்கலை, முதுகலை ஆய்வுகளில் வழக்கமாகக் கேட்பவை இவற்றில் அடங்கிவிடும். நம் தெரு மாணவி பயன்படுத்தியதும் பி.எஸ்.பி.பி.தான். ஒரு விஷயம்: வழிகாட்டி ஆசிரியரிடம் முன்கூட்டியே சொல்லி ஒப்புதல் வாங்கிவிடுங்கள். ஆய்வேட்டில் எந்த மென்பொருள், எந்தப் பதிப்பு என்று எழுத வேண்டியிருக்கும். வைவா அன்று அதில் கேள்வி வரக்கூடாது. மேற்கோள் பட்டியல் தயாரிக்க ஜோட்டிரோ இருக்கிறது, அதுவும் இலவசம். முனைவர் பட்ட மாணவர்கள் கருத்துத் திருட்டுச் சோதனைக்கு வெளியே பக்கக் கணக்கில் காசு கொடுக்கிறார்கள். 'சோத்சுத்தி' என்ற தேசியத் திட்டத்தில் பல்கலைக்கழகங்களுக்கு அந்த மென்பொருள் வழங்கப்படுகிறது. முதலில் பல்கலைக்கழக நூலகரைப் பாருங்கள்.

காட்சித் தொடர்பியல் மாணவர்களுக்குப் படத்துக்கு கிம்ப், ஓவியத்துக்குக் கிரிட்டா, லோகோ வரைய இங்க்ஸ்கேப், காணொளிக்கு கேடன்லைவ், முப்பரிமாணத்துக்கு பிளெண்டர். வேலைக்குப் போகும் இடத்தில் அடோபிதான் கேட்பார்கள் என்றால் அது உண்மைதான். அதற்குக் கல்லூரி லேபில் கிடைக்கும் நேரத்தைப் பயன்படுத்துங்கள். கணினி அறிவியல் மாணவர்களுக்கு அதிகம் சொல்லத் தேவையில்லை. அவர்களுக்கு வேண்டிய பைத்தான், ஜாவா, வி.எஸ். கோட் எல்லாமே இலவசம்தான். கிட்ஹப் மாணவர் தொகுப்பு மட்டும் தெரியாமல் இருந்தால் உடனே விண்ணப்பியுங்கள். பல நிறுவனங்களின் சேவைகள் ஒரே இடத்தில் இலவசமாகவோ சலுகையாகவோ வருகின்றன.

மாணவர் என்று நிரூபிப்பது எப்படி?

இங்கேதான் நம் பிள்ளைகள் அதிகம் சிக்குகிறார்கள். வெளிநாட்டு நிறுவனங்களின் படிவம் 'முதல் பெயர்', 'கடைசிப் பெயர்' என்று இரண்டு பெட்டி காட்டும். நமக்கோ இனிஷியல்தான். மாணவர் அப்பா பெயரைக் கடைசிப் பெயராக நிரப்பிவிட்டு, அடையாள அட்டையைப் படம் எடுத்து ஏற்றுவார். அட்டையில் இனிஷியல் மட்டும் இருக்கும். இரண்டும் பொருந்தவில்லை என்று விண்ணப்பம் திரும்பிவிடும். நான்கு முறை முயன்று வெறுத்துப்போய், கடைசியில் கிராக்.

வழி எளிது. எந்த ஆவணத்தை ஏற்றப் போகிறீர்களோ, அதில் அச்சடித்திருப்பது போலவே பெயரை நிரப்புங்கள். ஒற்றை எழுத்தை அந்தப் பெட்டி ஏற்கவில்லை என்றால், கல்லூரி அலுவலகத்தில் போனஃபைடு சான்றிதழ் கேளுங்கள். அதில் இனிஷியலை விரித்து முழுப்பெயராக எழுதித் தரச் சொல்லுங்கள். சான்றிதழில் நான்கு விஷயம் ஆங்கிலத்தில் தெளிவாக இருக்க வேண்டும்: முழுப்பெயர், கல்லூரியின் முழுப்பெயர், நடப்புக் கல்வியாண்டு, வழங்கிய தேதி. அடையாள அட்டையில் பலமுறை ஆண்டு இருக்காது அல்லது சேர்ந்த ஆண்டு மட்டும் இருக்கும். அதனால்தான் அது நிராகரிக்கப்படுகிறது. நடப்பு ஆண்டுக் கட்டண ரசீது பல இடங்களில் செல்லும். நல்ல வெளிச்சத்தில், நான்கு மூலையும் தெரிய, மங்கலில்லாமல் படம் எடுங்கள். ஆதார் அட்டையை ஏற்றாதீர்கள். அது நீங்கள் யார் என்றுதான் சொல்லும், மாணவர் என்று சொல்லாது. தேவையில்லாத இடத்தில் ஆதாரைக் கொடுப்பதும் நல்லதல்ல.

கல்லூரி மின்னஞ்சல் இருந்தால் இத்தனை அலைச்சலும் மிச்சம். அதற்காக டெலிகிராமில் 'எஜு மெயில்' விற்கிறார்களே, வாங்கலாமா? வேண்டவே வேண்டாம். அது யாரோ ஒரு நிறுவனத்தின் கணக்கு. அதை நிர்வகிப்பவர் நினைத்தால் உங்கள் கோப்புகளைப் பார்க்கலாம், ஒரே நாளில் கணக்கை மூடவும் செய்யலாம். சில நூறு ரூபாய்க்கு 'லைஃப்டைம் கீ' என்று விற்பதும் ஏறக்குறைய இதே கதைதான். பெரிய நிறுவனங்களுக்கு மொத்தமாகக் கொடுத்த சாவியைப் பிரித்துப் பிரித்து விற்பது அதில் நிறைய. சில மாதம் ஓடும், பிறகு நின்றுவிடும். விற்றவரின் எண்ணும் அதற்குள் அணைந்திருக்கும்.

காசு கொடுத்து வாங்கத்தான் வேண்டும் என்றால்

சில பாடங்களில் தவிர்க்க முடியாது. புதுமைப்பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களில் மாதம் 1,000 ரூபாய் பெறும் மாணவர்கள் அதிலிருந்துதான் பஸ், புத்தகம், ஜெராக்ஸ் எல்லாம் பார்க்கிறார்கள். அந்தப் பணத்தில் ஒரு மென்பொருள் சந்தா மாதாமாதம் சத்தமில்லாமல் போய்க்கொண்டிருந்தால் எப்படி இருக்கும்? ஆகவே மாணவர் விலை என்று காட்டும் பக்கத்தில் பொடி எழுத்தையும் படியுங்கள். 'மாதக் கட்டணம்' என்று போட்டிருப்பது உண்மையில் ஓராண்டு ஒப்பந்தமாக இருக்கலாம்; நடுவில் நிறுத்தினால் அபராதம் கேட்பார்கள். முதல் ஆண்டுக்கு மட்டும் சலுகை, அப்புறம் விலை ஏறும் என்பதும் உண்டு.

இலவச மாதம் என்று தொடங்கும் எதிலும் யு.பி.ஐ. ஆட்டோபே கேட்டால், பதிவு செய்த அன்றே அதன் கடைசித் தேதியைக் கைபேசியில் அலாரமாகப் போட்டு வையுங்க. உங்கள் யு.பி.ஐ. செயலியில் ஆட்டோபே பகுதிக்குப் போனால் எந்தெந்த நிறுவனத்துக்கு அனுமதி கொடுத்திருக்கிறீர்கள் என்று தெரியும். அங்கேயே ரத்து செய்யலாம். ரிசர்வ் வங்கியின் விதிப்படி, தானாகப் பணம் எடுப்பதற்கு 24 மணி நேரம் முன்பே உங்களுக்குச் செய்தி வர வேண்டும். அந்தக் குறுஞ்செய்தியைப் பார்க்காமல் தள்ளிவிடாதீர்கள். நிறுத்தச் சொல்லியும் நிறுத்தாமல் பணம் எடுத்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் செய்யலாம். போலிச் சாவி விற்று ஏமாற்றினாலோ, கணக்கிலிருந்து பணம் திருடு போனாலோ உடனே 1930. இது சைபர் குற்ற உதவி எண். எவ்வளவு சீக்கிரம் அழைக்கிறீர்களோ, பணத்தை முடக்கி நிறுத்த அவ்வளவு வாய்ப்பு.

பழைய லேப்டாப்தான் இருக்கிறதா? அதுவும் இல்லையா?

விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ம் தேதியோடு முடிந்துவிட்டது. வீட்டில் இருக்கும் பழைய இயந்திரத்தில் 11 ஏறாமல் இருக்கலாம். தூக்கிப் போடாதீர்கள். லினக்ஸ் மிண்ட் போன்ற ஒன்றையோ பாஸையோ நிறுவினால் லிப்ரே ஆபீஸ் உள்ளேயே வந்துவிடும், வேகமும் கூடும். முதலில் கோப்புகளைப் பென்டிரைவில் எடுத்து வைத்துவிட்டுச் செய்யுங்கள். கல்லூரியில் லினக்ஸ் தெரிந்த சீனியர் ஒருவராவது இருப்பார்.

கைபேசி மட்டும்தான் என்றால் கூகுள் டாக்ஸில் எழுதலாம். சிறு திரையில் கஷ்டம்தான், ஆனால் முடியும். பைத்தான் நிரல் எழுத கூகுள் கொலாப் இருக்கிறது. கணக்கிடும் வேலை அவர்கள் கணினியில் நடப்பதால் உங்கள் கருவி எவ்வளவு பழையது என்பது பொருட்டே அல்ல. சென்னை கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகம், மதுரை கலைஞர் நூற்றாண்டு நூலகம் பக்கத்தில் இருப்பவர்கள் அங்குள்ள கணினி வசதியைக் கேட்டுப் பயன்படுத்திக்கொள்ளலாம். மற்ற ஊர்களில் மாவட்ட மைய நூலகத்தில் விசாரித்துப் பாருங்கள். அங்கே வேலை முடிந்ததும் கணக்கிலிருந்து வெளியேற மறக்காதீங்க.

கடைசி வருஷ மாணவர்களுக்கு ஒன்று பாக்கி இருக்கிறது. படிப்பு முடிந்ததும் கல்லூரி மின்னஞ்சலை மூடுவார்கள். அதில் சேமித்த கோப்புகளும் அதோடு போகும். மாணவர் உரிமங்களும் புதுப்பிக்காது, வரைபடத்தைத் திறக்கக்கூட முடியாமல் போகலாம். டி.சி. வாங்கப் போகும் வாரத்துக்கு முன்பே எல்லாவற்றையும் சொந்தக் கணக்குக்கு மாற்றி, ஆய்வேடு, வரைபடம், நிரல் ஒவ்வொன்றிலும் ஒரு பி.டி.எஃப். நகல் எடுத்து, பென்டிரைவில் ஒன்று, மின்னஞ்சலில் ஒன்று என்று வைத்துக்கொள்ளுங்கள். வேலைக்கான நேர்காணலில் "உங்க ப்ராஜெக்டைக் காட்டுங்க" என்று கேட்கும்போது திறந்து காட்ட அது கையில் இருக்க வேண்டும்.